மூன்றாவது கேள்வியிலேயே வெளியே

இளங்கலை இரண்டாம் ஆண்டில், ஜனவரி மாதம் முழுக்க நூலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். கோடை ஆய்வுப் பயிற்சிக்கான விண்ணப்பக் கட்டுரை. செல்லுக்குள் புரதங்கள் தப்பாக மடிந்தால் என்ன ஆகிறது என்று தொடங்கி, எனக்கு ஏன் அதில் ஆர்வம் வந்தது என்று முடித்திருந்தேன். பேராசிரியர் ஒருவர் இரண்டு முறை திருத்திக் கொடுத்தார். கடைசி நாளுக்கு முந்தின இரவு இணையப் படிவத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, அப்புறம் மூன்றாவது கேள்வி: அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ (கிரீன் கார்டு) இருக்கிறதா? நான் இருந்தது எஃப்-1 மாணவர் விசாவில். 'இல்லை' என்பதைச் சொடுக்கினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது. கட்டுரையை ஏற்றும் பக்கம் கடைசிவரை வரவே இல்லை.

அறிவிப்பின் முதல் பத்தியிலேயே அந்த நிபந்தனை இருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். நல்ல கட்டுரையாக இருந்தால் யாராவது பார்த்து ஏதாவது செய்வார்கள் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆய்வகம் ஒன்றை நிர்வகிக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியும் இதே மாதிரி விண்ணப்பங்களைப் படிக்கும் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. மேசையின் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. தகுதி என்ற தலைப்பின் கீழ் வரும் வரிகளில் பாதிக்கு மேல் மாணவரை மனதில் வைத்து எழுதியவை இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன. பத்தொன்பது வயதில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. "உனக்குத் தகுதி இல்லை" என்று படித்தேன், படித்ததை அப்படியே நம்பினேன்.

அந்தக் குடியுரிமைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சிக்கான பணத்தில் பெரும்பங்கு என்.ஐ.எச். என்ற தேசிய சுகாதார நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அந்தப் பயிற்சி மானியங்களுக்கு அடிப்படை 1974ஆம் ஆண்டின் தேசிய ஆராய்ச்சிச் சட்டம். டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய் இருப்பது தெரிந்தும் சிகிச்சை தராமல் நாற்பது ஆண்டுகள் வேடிக்கை பார்த்த கொடுமை 1972இல் வெளியே வந்தது. அதற்கு எதிர்வினையாக வந்த சட்டம் இது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு நெறிகளை வகுத்த பெல்மாண்ட் அறிக்கைக்கு வழி செய்ததும் இதே சட்டம்தான். ஆய்வு செய்கிறவர்களைக் கட்டுப்படுத்துவதும் புதிய ஆய்வாளர்களை வளர்ப்பதும் ஒரே தாளில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

நாட்டுக்குத் தேவையான ஆய்வாளர்களை உருவாக்கத்தான் அந்தப் பயிற்சிப் பணம். எனவே குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், 'குடிமகன் அல்லாத தேசத்தவர்' என்று மூன்றே வகையினருக்குத்தான் அதைத் தரலாம். மூன்றாவது வகையைப் பல ஆண்டுகள் நான் அச்சுப்பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்கச் சமோவாவில் பிறந்தவர்கள் பிறப்பால் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள், ஆனால் குடிமக்கள் இல்லை. அவர்களுக்காகத்தான் அந்தச் சொற்றொடர்.

என்.எஸ்.எஃப். என்ற தேசிய அறிவியல் அறக்கட்டளை இளங்கலை மாணவர்களுக்காக நடத்தும் ஆர்.இ.யு. கோடை ஆய்வுத் திட்டங்களிலும் இதே வேலிதான். தனியார் பணத்தில் நடக்கும் ஆம்ஜென் ஸ்காலர்ஸ் திட்டத்தின் அமெரிக்கக் கிளையிலும் மாணவர் விசாவில் வந்தவருக்கு இடமில்லை. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 1959 முதல் நடத்திவரும் இளங்கலை ஆய்வுத் திட்டம் இதற்கு விலக்கு. வெளிநாட்டு மாணவர்களும் அதில் சேரலாம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை.

சரி, எனக்குக் கதவு முழுக்க மூடியிருந்ததா என்றால், இல்லை. எனக்குத் தெரியாத இன்னொரு கதவு பக்கத்திலேயே இருந்தது. என்.ஐ.எச். பணம் இரண்டு பைகளில் வருகிறது. ஒன்று பயிற்சி மானியம். மற்றது ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக்காக வாங்கும் ஆய்வு மானியம். இரண்டாவது பையிலிருந்து சம்பளம் வாங்கக் குடியுரிமை வேண்டாம், சட்டப்படி வேலை பார்க்க அனுமதி இருந்தால் போதும். எஃப்-1 மாணவர் தன் வளாகத்துக்குள் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். கட்டுரையைத் திருத்திக் கொடுத்த அதே பேராசிரியரிடம் அடுத்த வாரம் போய் நின்றேன். "முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்றார். அந்தக் கோடையில் அவருடைய ஆய்வகத்தில் ஜெல் ஓட்டினேன், பைப்பெட் நுனிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கினேன். திட்டத்தில் சேர்ந்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அவர்களுக்கு வியாழக்கிழமைகளில் கருத்தரங்கும் இலவச மதிய உணவும் உண்டு, எனக்கு இல்லை. அவ்வளவு வித்தியாசம்.

எஃப்-1இல் வந்தவர்களாவது நாம் வெளிநாட்டவர் என்று தெரிந்து வந்தவர்கள். இதைவிடச் சிக்கலான இன்னொரு நிலை இருக்கிறது. இதைப் படிக்கும் சில பெற்றோருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். பெயர் வேண்டாம். நான்கு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவள். அப்பாவுக்கு எச்-1பி என்ற வேலை விசா, இவளுக்கு அதைச் சார்ந்து பிள்ளைகளுக்குத் தரும் எச்-4. பள்ளி முழுக்க இங்கேதான். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவள், படிவத்தைக் காட்டும்போது தமிழுக்கு மாறினாள்.

"இதுல நான் எதை டிக் பண்ணணும் அக்கா?"

"கிரீன் கார்டு வந்துடுச்சா?"

"அப்பா அப்ளை பண்ணி பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்போ 'இல்லை'தான்மா."

"நான் இங்கேயேதானே வளர்ந்தேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டத்திடம் இருக்கிறது, ஆனால் அது அவள் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. வேலைவாய்ப்பு வழியாகத் தரப்படும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை அதனால்தான் பல்லாண்டுகளாக நகராமல் நிற்கிறது. பெற்றோர் வரிசையில் நிற்க, பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் எச்-4 முடிந்துபோகும். அப்புறம் எஃப்-1க்கு மாற வேண்டும். வளர்ந்த நாட்டிலேயே வெளிநாட்டு மாணவர். எச்-4இல் இருக்கும் பிள்ளைக்குப் படிக்க உரிமை உண்டு, சம்பளம் வாங்க உரிமை இல்லை. நான் நுழைந்த இரண்டாவது கதவும் அவளுக்கு அடைப்பு.

"சம்பளமே வேண்டாம், சும்மா வந்து வேலை பாக்குறேன் அக்கா" என்றாள். அதுவும் ஆபத்து. மற்றவருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையை ஒருவர் இலவசமாகச் செய்தாலும், அது அனுமதியில்லாத வேலை என்று ஆகிவிடலாம். நிறைய ஆய்வகங்களுக்கு இது தெரிவதில்லை. தன்னார்வலர் என்று எழுதிக்கொண்டு சேர்த்துவிடுகிறார்கள். மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று: ஆய்வைப் பாடமாகப் பதிவு செய்வது. அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் தனிநிலை ஆய்வு என்று ஒரு பாட எண் இருக்கும். கிரெடிட் கிடைக்கும், மதிப்பெண் கிடைக்கும், மதிப்பெண் பட்டியலில் ஏறும். அது படிப்பு, வேலை இல்லை. படிக்கத்தான் அவளுக்கு உரிமை இருக்கிறதே. வருத்தம் என்னவென்றால், மற்றவர் பணம் வாங்கிக்கொண்டு செய்வதை இவள் கட்டணம் கட்டிச் செய்ய வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா தொலைபேசினார். "அவ டாக்டருக்குத்தான் படிக்கப் போறாம்மா. இந்த ஆராய்ச்சியெல்லாம் அதுக்கு உதவுமா, இல்ல நேரம்தான் வீணாகுமா? நீங்க சொல்லுங்க."

இந்தக் கேள்வி இன்னொரு தகுதி வரியில் கொண்டுபோய் விடுகிறது. என்.ஐ.எச்.சின் ஒரு பிரிவான பொது மருத்துவ அறிவியல் நிறுவனம் 1970களில் தொடங்கிய மார்க் என்ற இளங்கலைப் பயிற்சித் திட்டத்தில், கடைசி இரண்டு ஆண்டுகளில் படிக்கும் மாணவரைத்தான் சேர்த்தார்கள். அதிலும் பிஎச்.டி. அல்லது மருத்துவமும் ஆய்வும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி. நோக்கம் உள்ளவரைத்தான். மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் போக நினைத்தவருக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஆம்ஜென் திட்டமும் இதையேதான் கேட்கிறது. மருத்துவர்கள் வேண்டாம் என்று யாரும் நினைப்பதில்லை. திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கும்போது, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் முனைவர் பட்டத்துக்குப் போனார்கள் என்றுதான் எண்ணுகிறார்கள். எண்ணுகிற பொருள் எதுவோ அதற்கேற்றபடிதான் தகுதி வரியும் அமைகிறது.

இங்கே ஒரு நாடகம் நடக்கும். மருத்துவக் கனவோடு இருக்கும் மாணவர் பிஎச்.டி.தான் என் உயிர் என்று எழுதுவார். படிக்கிற நாங்கள் நான்காவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். நோயாளியைப் பற்றி மூன்று பத்தி, ஆய்வுக் கேள்வியைப் பற்றி அரை வரி. அந்தப் பொய்யை எனக்குப் பெரிய குற்றமாகச் சொல்லத் தோன்றவில்லை. பத்தொன்பது வயதில் ஒருவருக்கு வாழ்நாள் நோக்கம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் கேலிக்கூத்து. ஆய்வகத்தில் ஒரு நாளும் நிற்காத ஒருவரிடம், ஆய்வே உன் வாழ்க்கையா என்று கேட்டு, ஆம் என்றால்தான் உள்ளே விடுவேன் என்றால் என்ன செய்வார் பாவம்.

அந்த அம்மாவிடம், மருத்துவத்துக்குப் போனாலும் ஆய்வு அனுபவம் வீண்போகாது, ஆனால் அதற்காக மட்டும் அனுப்பாதீர்கள் என்றேன். "சரிங்கம்மா" என்றார். முழுதாக நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சின்னச் சின்ன நிபந்தனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் சராசரி நான்குக்குப் பெரும்பாலும் 3.0 முதல், ஆம்ஜெனுக்கு 3.2. முதல் பருவத்தில் தடுமாறிப் பின்னால் எழுந்தவர்களை நான் தேடிப் பிடித்துப் படிப்பேன், ஆனால் கணினி வடிகட்டி அவர்களை எனக்கு முன்பே தள்ளிவிட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது. 'ரைசிங் ஜூனியர்' என்றால் இரண்டாம் ஆண்டை முடித்து மூன்றாம் ஆண்டுக்குப் போகிறவர். இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கோடை முடிந்ததும் இளங்கலைக்கே திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனை இளங்கலைக்காக ஒதுக்கிய பணம் என்பதால் வருவது. அதனால்தான் பட்டம் வாங்கியவரை ஆர்.இ.யு. பொதுவாகச் சேர்ப்பதில்லை, ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்து இன்னும் முதல் வகுப்புக்குக்கூடப் போகாதவரைச் சேர்க்கலாம் என்கிறது. இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் இடைவெளியில், அந்தக் கோடையில் எங்குமே பதிவில் இல்லாதவர்கூட விண்ணப்பிக்கலாம். இந்த வரி இருப்பது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

மார்க் போன்றவற்றில் இன்னொரு மறைமுக நிபந்தனையும் இருந்தது: உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அந்த மானியம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் சரி, அந்தத் திட்டம் உங்களுக்குக் கிடையாது.

எந்தப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னுரிமை என்ற வரிதான் இத்தனை ஆண்டுகளில் அதிகம் மாறியது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் 1988இல் மேயர்ஹாஃப் ஸ்காலர்ஸ் திட்டம் உருவானது. ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியின் பணம், கணிதவியலாளர் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கியின் உழைப்பு. முதலில் அறிவியல் படிக்கும் கறுப்பின ஆண்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. 1990இல் பெண்களையும் சேர்த்தார்கள். 1994இல், அதே மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேறொரு வளாகத்தில் கறுப்பின மாணவருக்கு மட்டும் இருந்த ஒரு உதவித்தொகை செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996இல் மேயர்ஹாஃப் எல்லா இனத்தவருக்கும் திறந்தது. அறிவியலில் சிறுபான்மையினர் முன்னேறுவதில் அக்கறை இருந்தால் யாரும் வரலாம் என்று வரி மாறியது. நீ யார் என்ற கேள்வி போய், உனக்கு எதில் அக்கறை என்ற கேள்வி வந்தது. அதன் பிறகு அங்கே படித்து 2008இல் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் கிஸ்மேகியா கார்பெட். என்.ஐ.எச்.சில் மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளமிட்ட குழுவில் முன்னணியில் நின்றவர்.

பின்தங்கிய பின்னணி என்றால் என்ன என்று 2019இல் என்.ஐ.எச். ஒரு பட்டியலே போட்டது. வீடில்லாமல் இருந்தவர், வளர்ப்பு இல்லத்தில் வளர்ந்தவர், பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர், பெற்றோரில் யாரும் இளங்கலைப் பட்டம் பெறாதவர், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர், கிராமப்புறத்தில் வளர்ந்தவர் என்று போகும். இவற்றில் இரண்டு இருந்தால் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் நியாயமானதுதான். ஆனால் இதை நிரூபிக்க ஒரு மாணவர் தன் வாழ்க்கையின் மோசமான நாட்களைப் பத்திபத்தியாக எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்குப் படிக்கவே கூச்சமாக இருக்கும் கட்டுரைகள் அவை. எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பல திட்டங்கள் தங்கள் தகுதி வரிகளைத் திருத்தி எழுதின. 2025இல் மார்க் உட்பட இந்த வகைத் திட்டங்கள் பலவற்றின் அறிவிப்புகளையே என்.ஐ.எச். விலக்கிக்கொண்டது. இரண்டு வருடம் தயார் செய்து, எல்லா நிபந்தனைகளும் பொருந்தி வந்தவர்களுக்கு இப்போது பொருந்திப் போகத் திட்டமே இல்லை. வேலியைப் பற்றி நான் இவ்வளவு புலம்பியிருக்கிறேன், வயலே போகும் என்று நினைக்கவில்லை.

எழுதப்படாத தகுதிகளும் உண்டு. பத்து வாரம் வேறு ஊரில் போய்த் தங்க முடிய வேண்டும். கோடைச் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. முந்நூறு பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், உங்களைத் தெரியும் என்று கடிதம் எழுத இரண்டு பேராசிரியர்கள் வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை என்று அறிவிப்பில் போட்டிருப்போம். குழுவில் உட்கார்ந்தால், முன் அனுபவம் உள்ளவர் கட்டுரை தெளிவாக இருக்கிறதே என்று கை அங்கேதான் போகும். என் கையும்தான்.

இந்த வரிகள் எதுவுமே இல்லாத ஒரு ஏற்பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் 2008இல் தொடங்கிய சீ-ஃபேஜஸ் என்ற பாடம். முதலாண்டு மாணவர்கள் மண்ணை அள்ளி வந்து அதிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ்களைப் பிரித்தெடுக்கிறார்கள், பெயர் வைக்கிறார்கள், மரபணு வரிசையைப் படிக்கிறார்கள். பாடத்தில் பதிவு செய்திருந்தால் போதும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஆய்வகம் இந்த வைரஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. லண்டனில் எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு இருந்த ஒரு பதினைந்து வயதுச் சிறுமிக்கு அந்தச் சேகரிப்பிலிருந்து மூன்று ஃபேஜ்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அவள் தேறிய கதை 2019இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. மூன்றில் ஒன்றின் பெயர் 'மடி', சேறு படிந்தது என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் ஒரு மாணவி, அழுகிக் கிடந்த கத்திரிக்காயின் அடியிலிருந்து கண்டுபிடித்தது.

இந்தக் கதையை எச்-4 மாணவியிடம் சொன்னேன். கத்திரிக்காயா என்று சிரித்தாள். அந்த வாரமே தனிநிலை ஆய்வுக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மூன்று கிரெடிட், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். மில்லிமீட்டர் நீளமுள்ள எலிகன்ஸ் புழுக்களை நுண்ணோக்கியின் கீழ் எண்ணும் வேலை கொடுத்தோம். எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை இறந்துவிட்டன. பிளாட்டின ஊசியால் லேசாகத் தொட வேண்டும், அசைந்தால் உயிர்.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை நான் ஆய்வகத்துக்குப் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள்தான். ஒன்பது மணி நேரம் வியாழனன்றே முடிந்திருந்தது.

"இன்னைக்கு எதுக்கு வந்த?"

"நேத்து ஒரு தட்டுல பாதி செத்துப்போச்சு அக்கா. மீதி இருக்கான்னு பாக்க வந்தேன்."

"இருக்கா?"

அவள் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை. "இருங்க, எண்ணிட்டிருக்கேன்."